மிச்ச நூலும் முதல் சட்டையும்

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



"டொக்டர் ஒருவர் பேச வேண்டும், உடல்நலம் பற்றி" என்றுதான் செயற்குழு கேட்டது. நாற்பதைத் தாண்டியவர்கள் கூடிய மண்டபத்தில் சீனி வருத்தம், பிரஷர், முழங்கால் வலி பற்றிப் பேசினால் நல்ல கைதட்டல் கிடைக்கும் என்பது தெரியும். ஆனாலும் நாங்கள் பின்னல் பற்றிப் பேசப் போகிறோம். "நாங்கள்" என்று சொல்வது மரியாதைக்காக அல்ல. இது எங்கள் வகுப்புத் தோழிகள் சிலர் சேர்ந்து செய்கிற வேலை. அவர்களுக்காக இங்கே வந்து நிற்பது ஒரு வாய் மட்டுமே.

ஏழாம் வகுப்பில் தையல் டீச்சர் எங்கள் கையில் ஒரு சோடிப் பத்தாம் இலக்க ஊசியையும் இரண்டு உருண்டை வூலையும் தந்தது பலருக்கு நினைவிருக்கும். கண்டியில் எதற்கு சுவெட்டர் என்று நகரத்துப் பிள்ளைகள் சிரித்தோம். ஜனவரியில் நாலைந்து இரவு குளிரும், அவ்வளவுதான். விடுதியில் இருந்த நுவரெலியா, தலவாக்கலைப் பிள்ளைகள் மட்டும் சிரிக்கவில்லை. அவர்கள் பேசாமல் இருந்து பின்னினார்கள், எங்களை விட வேகமாக. முதல் வரியிலேயே எங்கள் கை வியர்த்து நூல் கறுத்துப் போனதும், டீச்சர் அதைப் பிரித்து மறுபடி போடச் சொன்னதும், மூன்றாம் முறை பிரித்தபோது ஒருத்தி அழுததும் அந்த வகுப்புக்கே உரியவை.

பின்னுகிறவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. நூல் ஒருநாளும் சரியாக முடியாது. ஒரே சாயத் தொகுதியில் வாங்கினால்தான் நிறம் ஒக்கும் என்பதால் எப்போதும் ஓர் உருண்டை கூடுதலாக வாங்குவோம். சட்டை முடிந்ததும் கால் உருண்டை, அரை உருண்டை மிஞ்சும். அதை எறிய மனம் வராது. பிஸ்கட் டின்னுக்குள் போகும். 2020 ஊரடங்கின்போது அலுமாரிகளை ஒழுங்குபடுத்தினோம், உங்களைப் போலவே. எங்களில் ஏழெட்டுப் பேரின் வீட்டில் அப்படி ஒவ்வொரு டின் இருந்தது. ஒருத்தி வீட்டில் இரண்டு தலையணை உறை நிறைய. அதோடு விடுதிக் காலத்து நீலக் கார்டிகன்கள். முழங்கை தேய்ந்தவை, யாரும் போடாதவை. எங்களில் இருவர் வைத்தியசாலையில் வேலை செய்கிறவர்கள். குறைமாதப் பிள்ளைகளுக்குச் சின்னச் சட்டை பின்னுவோம் என்ற யோசனை அப்படித்தான் வந்தது.

ஆரம்பத்தில் நாங்கள் செய்த பிழைகளைச் சொல்ல வேண்டும். இந்த வேலையைத் தொடங்கப் போகிறவர்களுக்கு அவைதான் பயன்படும்.

முதல் தொகுதியை எடுத்துக்கொண்டு பெருமையோடு விடுதிக்குப் போனோம். பொறுப்பான சிஸ்டர் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாகப் பார்த்து, பாதிக்கு மேல் எங்கள் பக்கமே தள்ளிவிட்டார். கழுத்து ஒடுக்கம், தலை நுழையாது. ரிப்பன் கட்டியது வேண்டாம், கழுத்தைச் சுற்றும். முத்துப் பொத்தான் வேண்டாம், கழன்றால் வாய்க்குள் போகும். பூவேலைத் துளைகள் வேண்டாம், அந்தக் குட்டி விரல்கள் மாட்டிக்கொள்ளும். மயிர் சிலிர்க்கும் நூல் வேண்டாம், மூக்கில் ஏறும். மஞ்சள் நிறத்தையும் கொஞ்சம் குறையுங்கள் என்றார். செங்கமாரி இருக்கிறதா என்று தோலைப் பார்க்கும்போது கண் ஏமாறிவிடுமாம். பிறகு அளவு. எல்லாம் பெரிசு. நாங்கள் கடைப் பொம்மையின் அளவை மனதில் வைத்துப் பின்னியிருந்தோம். நிறைமாதப் பிள்ளையின் தலைச்சுற்றளவே 35 சென்றிமீற்றர் அளவுதான். ஒன்றரைக் கிலோப் பிள்ளைக்கு 28, 29 தான் இருக்கும். நெஞ்சு அதைவிடச் சிறிது. உங்கள் சாப்பாட்டுத் தட்டின் விட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அதுதான் அந்தத் தலையின் சுற்று.

எல்லாவற்றிலும் பெரிய பிழை, முன்பக்கம் மூடியிருந்தது. ஏன் அது பிழை என்பதற்குப் பிறகு வருகிறோம்.

அதன்பின் ஒரே மாதிரிக்கு வந்தோம். கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பின்னுவது, முன்பக்கம் முழுக்கத் திறந்தது, எல்லாம் நேர்க் கண்ணி. மிச்ச நூலுக்கு இதைவிடப் பொருத்தமான முறை கிடையாது. கழுத்தும் தோளும் கையும் முடிந்துவிட்டால், உடம்பை நூல் தீரும்வரை நீட்டலாம். தீர்ந்த இடத்தில் வேறு நிறம் வைத்துக் கோடு போடலாம். குறைமாதப் பிள்ளையின் சட்டைக்கு 50, 60 கிராம் போதும். நிறைமாதப் பிள்ளைக்கு இரண்டு 50 கிராம் உருண்டை. தொப்பிக்கு 20 கிராம் கூடச் செலவாகாது. ஒரு வரிக்கு நூல் காணுமா என்று சந்தேகம் வந்தால், துண்டின் அகலத்தைப் போல மூன்றரை மடங்கு நூல் மிச்சம் இருக்கிறதா என்று அளந்து பார்க்கலாம். சமையலறைத் தராசு இருந்தால் அதுவும் வேண்டாம்.

நூலின் இனம் பார்ப்பதுதான் வில்லங்கம். டின்னுக்குள் கிடக்கும் உருண்டைக்குப் பட்டி இருக்காது. ஆட்டு ரோமமா, அக்ரிலிக்கா, பருத்தியா? ஒரு சாண் நூலைத் தட்டின் மேல் பிடித்து நெருப்புக் காட்டுங்கள். ரோமம் என்றால் முடி கருகும் மணம் வரும், நெருப்பை எடுத்தால் அணைந்துவிடும், சாம்பல் விரலில் நொறுங்கும். அக்ரிலிக் உருகிச் சொட்டும், ஆறியதும் கறுத்த மணிபோல இறுகும். பருத்தி காகிதம்போல எரியும். இது தெரியாமல் ரோமத்தையும் அக்ரிலிக்கையும் கோடு கோடாகக் கலந்து பின்னிய எங்கள் சட்டையொன்று வெந்நீரில் துவைத்தபின் அக்கோர்டியன் பெட்டிபோல மடிந்து வந்தது. ரோமம் சுருங்கியது, மற்றது சுருங்கவில்லை.

எது நல்லது என்று கேட்டால், ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. அக்ரிலிக்கை எப்படியும் துவைக்கலாம், உடனே காயும், உறுத்தாது. மலையில் மழைக்காலத்தில் துணி காயாத வீடுகளுக்கு அது பெரிய உதவி. ஆனால் அடுப்பும் படுக்கையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் லயத்து அறையில், விறகிலிருந்து ஒரு பொறி தெறித்தால் அது உருகித் தோலில் ஒட்டும். ரோமம் இலகுவில் பற்றாது, ஈரமானாலும் சூடு காக்கும். எங்கள் பாட்டிமார் கொழுந்து எடுக்கப் போகும்போது தலையில் போட்ட கம்பளி மழையில் நனைந்து இரண்டு மடங்கு பாரமாகியும் முதுகைக் காத்தது அதனால்தான். (அந்தக் கம்பளியைத் தோட்டத்தில் கொடுத்துவிட்டு அதன் விலையைச் சம்பளத்தில் கழித்த கதை வேறு. அதைச் சொல்லத் தொடங்கினால் மதியச் சாப்பாடு ஆறிவிடும்.) ஆகவே வைத்தியசாலைக்குள் போடுவதை அக்ரிலிக்கிலும், தோட்டத்து வீட்டுக்குப் போவதை, கிடைத்தால், மென்மையான ரோம நூலிலும் பின்னுகிறோம்.

இனி, இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி.

கண்டி குளிரான ஊர் அல்ல. கடல்மட்டத்திலிருந்து 500 மீற்றர் அளவில் இருக்கிறோம். 23 பாகை என்றால் எங்களுக்கு நல்ல தூக்கம் வரும் இரவு. ஆனால் அப்போதுதான் பிறந்து, ஈரத்தோடு, துணியில்லாமல் இருக்கும் பிள்ளைக்கு 23 பாகை என்பது, வளர்ந்த மனிதர் உடுப்பில்லாமல் பூச்சியப் பாகையில் நிற்பதற்குச் சமம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் கைந்நூல் சொல்கிறது. பிள்ளையின் எடைக்குத் தோலின் பரப்பு அதிகம். உடம்பில் தலை பெரிய பங்கு. எங்களைப் போல நடுங்கிச் சூடு உண்டாக்கவும் அதற்குத் தெரியாது. தோள்களுக்கு நடுவிலும் கழுத்தைச் சுற்றியும் உள்ள ஒருவகைக் கொழுப்பை எரித்துத்தான் சூடு பெறும். குறைமாதப் பிள்ளைக்கு அந்தக் கொழுப்பும் போதாது.

பிள்ளையின் உடல்வெப்பம் 36.5க்கும் 37.5க்கும் இடையில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் இரத்தத்தில் சீனி இறங்கும், மூச்சுத் தடுமாறும், பால் குடிக்கச் சக்தி இருக்காது, பால் குடிக்காததால் இன்னும் குளிரும். வீட்டில் வெப்பமானி வேண்டாம். பாதத்தையும் வயிற்றையும் உங்கள் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சூடு என்றால் சரி. வயிறு சூடு, பாதம் குளிர் என்றால் பிள்ளை குளிரோடு போராடுகிறது. இரண்டும் குளிர் என்றால் மார்போடு அணைத்துக்கொண்டே வைத்தியசாலைக்கு ஓட வேண்டும்.

மார்போடு என்று சொன்னோம். இங்கேதான் முன்பக்கம் மூடிய சட்டையின் பிழை வருகிறது. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978இல் எட்கர் ரேய் என்ற பிள்ளை வைத்தியர், இன்குபேட்டர் போதாமல், ஒன்றில் இரண்டு மூன்று பிள்ளைகளைக் கிடத்தி அவர்களுக்குத் தொற்று வருவதைக் கண்டு, தாயின் வெறும் மார்பில் பிள்ளையைச் செங்குத்தாகக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு பராமரிப்பு என்று அதற்குப் பெயர். இல்லாமையால் பிறந்த முறை, இருக்கிற இடத்திலும் மேலானது என்று பிறகு தெரியவந்தது. இந்தியா, கானா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், பிறந்தவுடனேயே இதைத் தொடங்கிய சிறு பிள்ளைகளின் மரணம் நாலில் ஒரு பங்கு குறைந்தது. எந்த சுவெட்டரும் இதைச் செய்யாது. எங்கள் பின்னலைப் பற்றி எங்களுக்கு மிகை நினைப்பு எதுவும் இல்லை. முதலில் துடைக்க வேண்டும், பிறகு தாயின் தோல், தலைக்குத் தொப்பி. அம்மா குளிக்கப் போகும் நேரத்துக்கும், வீட்டுக்குப் போகும் வழிக்கும், மார்பில் இருக்கும்போது முதுகுக்கும்தான் எங்கள் சட்டை. முன்பக்கம் திறந்திருந்தால் அதைக் கழற்றாமலே பிள்ளையை மார்பில் ஒட்டலாம்.

தொப்பி பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டுக்கு வந்து பிள்ளை எடை போட்டபின், கண்டி போன்ற ஊரில், தூங்கும்போது தொப்பி வேண்டாம். கூடுதல் சூடும் ஆபத்துத்தான். இதைச் சொன்னபோது, குஞ்சம் வைத்த தொப்பிகள் பதினைந்து பின்னிய எங்கள் டீச்சருக்குக் கோபம் வந்தது. இன்றும் முழுதாக ஆறவில்லை என்று நினைக்கிறோம்.

அடுத்து சொல்லப்போவதை இந்தச் சபையில் சொல்லலாமா என்று யோசித்தோம். சொல்லாவிட்டால் மீதி விளங்காது.

உள்ளகப் பயிற்சிக் காலத்தில், ஒரு மழை இரவில், தெல்தோட்டைக்கு மேலே உள்ள தோட்டமொன்றிலிருந்து ஒரு தாயை லொறியில் கொண்டுவந்தார்கள். பிள்ளை வழியிலேயே பிறந்துவிட்டது. ஏழரை மாதம். தகப்பனின் நனைந்த சாரத்தில் சுற்றியிருந்தார்கள். வெப்பம் 34ஐயும் எட்டவில்லை. சூடாக்கினோம், சீனி ஏற்றினோம், மூச்சுக்கு உதவினோம். இரண்டாம் நாள் இறந்துவிட்டது. குளிர் மட்டும்தான் காரணம் என்று எந்த வைத்தியரும் சொல்ல மாட்டார். ஆனால் அந்த ஒன்றரை மணித்தியாலம் அதற்கு உதவவில்லை என்பது நிச்சயம்.

அந்த இரவு அம்மாயி ஒருவர் வெளி வாங்கில் ஒரு பையோடு உட்கார்ந்திருந்தார். பைக்குள் மகளுக்கு வேண்டிய எல்லாம் இருந்தன. பிளாஸ்க், சவர்க்காரம், மாற்றுச் சேலை, கொத்தமல்லிச் சரை. பிள்ளைக்கு ஒரு கந்தையும் இல்லை. களைப்பிலும் இளம் வயதுத் திமிரிலும் கேட்டோம்: "பிள்ளை பிறக்கும் என்று தெரியாதா? ஒரு துணிகூட எடுத்து வைக்கவில்லையா?" அவர் ஒன்றும் சொல்லவில்லை. பையின் வாயை இழுத்து மூடினார். வறுமை என்று நினைத்தோம். அக்கறையின்மை என்றும் நினைத்தோம். இரண்டும் பிழை.

இது விளங்கப் பல வருடம் சென்றது. எங்களில் ஒருத்தி முதல் பிள்ளைக்குக் காத்திருந்தபோது, பேறுகாலத்துக்கு முன்னரே வெள்ளைச் சட்டைகள் வாங்கிக்கொண்டு வர, அவளுடைய அம்மா, ஓய்வுபெற்ற ஆசிரியை, அந்தப் பொதியை வீட்டுக்குள்ளேயே எடுக்கவிடவில்லை. "உனக்கு நாங்கள் வாங்கி வைத்தோமா? பிள்ளை முதலில் வரட்டும். வந்ததும் பழசு போடுவோம். புதுசுக்கு என்ன அவசரம்?" என்றார். அவளுக்கு முதல் போட்டது பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பழைய சட்டையாம்.

உங்களில் எத்தனை பேருக்கு இது வீட்டில் கேட்ட கதை என்று முகங்களிலேயே தெரிகிறது. பிறக்குமுன் பிள்ளைக்குத் தைக்கக் கூடாது. பிறந்ததும் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்ற வேண்டும். முதல் சட்டை, ஆரோக்கியமாக வளர்ந்த வேறொரு பிள்ளை போட்டதாக இருந்தால் இன்னும் நல்லது. தீட்டுக் கழிந்த பிறகுதான் புதுசு. யூதக் குடும்பங்கள் பலவற்றிலும் பிள்ளை பிறக்குமுன் எதுவும் வாங்கி வைக்க மாட்டார்கள். ஆக இது எங்கள் ஆட்களின் அறியாமை என்று ஒதுக்கக்கூடியதல்ல.

கணக்கைப் பார்த்தால் இதன் வேர் தெரியும். மலேரியா ஆட்டிப்படைத்த 1935இல் இந்த நாட்டில் உயிரோடு பிறந்த ஒவ்வோர் ஆயிரம் பிள்ளைகளில் 263 பேர் ஒரு வயதைக் காணவில்லை. நாலில் ஒன்றுக்கு மேல். இன்று பத்துக்கும் குறைவு. அந்தக் காலத்துத் தாய்க்கு, ஆசையோடு தைத்த சட்டை பிள்ளையில்லாத வீட்டில் மடித்தபடி கிடப்பதை விடக் கொடுமை என்ன இருந்திருக்கும்? தைக்காமல் இருந்தது மனதைக் காப்பாற்ற. பழசைப் போட்டதிலும் நியாயம் உண்டு. பலமுறை துவைத்த துணி மென்மையானது, கஞ்சிப் பசையும் சாயமும் போனது. அதில் ஒரு வைத்தியராக எங்களுக்கு மறுப்பே இல்லை. துணியே இல்லாமல் வழியில் பிள்ளை பிறக்கும் இரவில்தான் சிக்கல்.

தோட்டங்களில் எடை குறைந்து பிறக்கும் பிள்ளைகள் நகரத்தை விட அதிகம் என்பதைச் சுகாதார ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பழையபடி தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுக்கு அம்மா விட்டுப்போகும் சின்ன உடம்பு அது. சட்டை அதிகம் தேவைப்படுகிற வீட்டில்தான் புதுச்சட்டைக்குத் தடையும் அதிகம்.

இதை எங்களுக்கு நேரில் காட்டியது ஒரு வெள்ளை சுவெட்டர். எங்களில் மிக நேர்த்தியாகப் பின்னுகிறவள் புது நூல் வாங்கிச் செய்தது. கலஹா பக்கத்துக் குடும்பமொன்று வீட்டுக்குப் போகும்போது கொடுத்தோம். பிள்ளை இரண்டு கிலோ. ஒரு கிழமை கழித்துக் கிளினிக்குக்கு வந்தபோது மெல்லிய சேலைத் துண்டில் சுற்றியிருந்தது. பாதம் குளிர். "சுவெட்டர் எங்கே?" என்று கேட்டோம். "பெட்டியில பத்திரமா இருக்குங்க டொக்டரம்மா. முப்பது கழியட்டும், கோயிலுக்குப் போறப்ப போடுறோம்." அழகான சட்டை. முப்பது கழிகிறபோது பிள்ளைக்குச் சின்னதாகிவிடும்.

அடுத்த மாதம் அதேபோல ஒரு பிள்ளை. அன்று கையில் இருந்தது, விடுதிக் கார்டிகனைப் பிரித்த நீலமும் யாரோ ஒருத்தியின் மிச்சச் சாம்பல் நிறமும் கலந்து கோடு போட்ட, எங்களுக்கே கொஞ்சம் வெட்கமான ஒரு சட்டை. நீளம் முடிகிற இடத்தில் மூன்று வரி பச்சை, நூல் தீர்ந்ததால். அம்மாயி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாரு போட்டதுங்க?"

பொய் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. சட்டை புதிது, நூல் பழையது, ஒரு பிள்ளை பாடசாலைக்குப் போட்ட சுவெட்டரைப் பிரித்து எடுத்தது என்றோம்.

"அந்தப் புள்ள இப்ப எங்க?"

"எங்களோடு படித்தவள், அம்மாயி. வயது நாற்பதுக்கு மேல். மூன்று பிள்ளைகள். பேராதனையில் இருக்கிறாள்."

"அப்ப போடலாம்" என்றார். அங்கேயே, வாங்கிலேயே, தானே போட்டுவிட்டார்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எத்தனை விரிவுரை, எத்தனை துண்டுப்பிரசுரம்! மிச்ச நூல் என்பதற்காக நாங்கள் வெட்கப்பட்ட அதே காரணத்துக்காக அந்தச் சட்டை பிள்ளையின் மேல் ஏறியது. அன்றிலிருந்து புது நூல் வாங்குவதை நிறுத்திவிட்டோம். பிரித்த நூலும் மிச்ச நூலும் மட்டுமே. ஒவ்வொரு சட்டையிலும் சிறு துண்டொன்று குத்தி வைக்கிறோம். "இந்த நூலை முன்பு போட்டவர் நலமாக இருக்கிறார். வயது 44." தமிழிலும் சிங்களத்திலும் எழுதுகிறோம், ஏனென்றால் சட்டை மெனிக்கே வீட்டுக்கும் போகிறது, பாத்திமா வீட்டுக்கும் போகிறது. சிங்களத் தாய்மாரும் அந்தத் துண்டை வாசித்துவிட்டுச் சிரித்து, சட்டையைப் போடுகிறார்கள். கிளினிக்குக்கு வரும்போது பார்க்கிறோம். பால் கறையோடும், துவைத்துத் துவைத்து நிறம் வெளிறியும் வரும் சட்டைகளைப் பார்க்கும்போது வரும் மகிழ்ச்சி பெட்டிக்குள் இருக்கும் வெள்ளைச் சட்டையால் வராது. வழியில் பிறக்கும் பிள்ளைக்காகவும் ஒரு ஏற்பாடு செய்யப் பார்க்கிறோம். எட்டாம் மாதத்தில் தாயின் பைக்குள் ஒரு பழைய நூல் சட்டையும் தொப்பியும் துவாயும் போய்ச் சேர வேண்டும். வீடு வீடாகப் போகும் மிட்வைப் மிஸ்மார் சிலர் இதற்கு உதவுகிறார்கள். எல்லா வீட்டிலும் ஏற்கவில்லை. சில அம்மாயிமார் அதைப் பக்கத்து வீட்டில் வைத்துக்கொள்கிறார்கள். அதுவும் எங்களுக்குச் சம்மதமே. பக்கத்து வீடு தூரம் இல்லை.

வெளிநாட்டில் இருந்து இந்த மலரை வாசிக்கப்போகும் சகோதரிகளுக்குச் சில சொற்கள். தயவுசெய்து வூல் பொதிகளைத் தபாலில் அனுப்பாதீர்கள். தபாற்செலவில் இங்கே ஒரு குடும்பம் ஒரு மாதம் பால்மா வாங்கும். யாராவது ஊருக்கு வரும்போது பெட்டியின் மூலையில், சப்பாத்துக்குள் திணித்துக் கொடுத்துவிடுங்கள். வர ஆள் இல்லையென்றால் நீங்கள் இருக்கும் ஊரின் வைத்தியசாலையில் கேளுங்கள். ஆனால் கேட்டுவிட்டுப் பின்னுங்கள். எங்களைப் போலப் பின்னிவிட்டுக் கேட்காதீர்கள். அவுஸ்திரேலியாவில் இருக்கும் எங்கள் தோழி சொல்வாள், பிலிப் தீவில் கப்பல் எண்ணெய் பட்ட பென்குயின்களுக்கு சுவெட்டர் வேண்டும் என்ற செய்தி பரவி, உலகம் முழுதும் இருந்து வந்து குவிந்ததில், பென்குயின்களை விட சுவெட்டர் கூடிப்போய், மிஞ்சியதைப் பொம்மைப் பென்குயின்களுக்குப் போட்டு விற்றார்களாம். பின்னத் தெரிந்தவர்களின் கை சும்மா இராது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

இங்கே இருப்பவர்களுக்கு: மண்டபத்தின் பின்வாசலில் மேசையில் மூன்று டின்கள் இருக்கின்றன. சட்டை மாதிரி அச்சிட்ட தாளும் இருக்கிறது. பத்தாம் இலக்க ஊசி இல்லாதவர்கள் எட்டாம் இலக்கத்தில் பின்னலாம், கண்ணிகளை ஆறு குறைத்துக்கொள்ளுங்கள். நுவரெலியா பேல் பஜாரில் வாங்கிய சுவெட்டரைப் பிரிக்கப் போகிறவர்கள் முதலில் தோள் மூட்டைப் பாருங்கள். வெட்டித் தைத்ததாக இருந்தால் நூல் துண்டு துண்டாகத்தான் வரும், வீண் வேலை. பின்னிச் சேர்த்ததாக இருந்தால், பின்னி முடித்த ஓரத்திலிருந்து இழுத்தால் ஓடி வரும். நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நனைத்து, ஒரு பாரம் கட்டித் தொங்கவிட்டால் சுருள் நேராகும். கடுநீலம் என்றால் தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். கறுப்பு நூல் மட்டும் கொண்டுவர வேண்டாம். அதை எந்த அம்மாயியும் வாங்க மாட்டார், நாங்கள் கேட்டுப் பார்த்துவிட்டோம்.

நூல் கொண்டுவருகிறவர்கள் உருண்டையோடு ஒரு சிறு தாள் வைத்துவிடுங்கள். அந்த நூல் முன்பு யாருடைய உடம்பில் இருந்தது, மகளா, பேரனா, நீங்களேயா, இப்போது அவருக்கு என்ன வயது. பெயர் வேண்டாம். வயதை மட்டும் தெளிவாக எழுதுங்கள், அம்மாயிமார் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.